பனியா, பணியா

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில்
அந்தச் சின்ன டாக்டரம்மா கேட்டாள்:
"என்தா பணி?"
காய்ச்சலைக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.
அவர்களுக்குப் பனி என்றால் காய்ச்சல்.
பனி இல்லை, இருமல்தான்,
படி ஏறினால் இரைப்பு என்றேன்.
பேனாவைக் கீழே வைத்து,
நாக்கை நன்றாக மடித்து
இன்னொரு முறை சொன்னாள்.
பணி. ஜோலி.

ஒன்பது வருஷமாகச்
செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ஒருத்தரும் கேட்காத கேள்வி.
கோயமுத்தூரில் சளியில் கிருமி இல்லை என்றார்கள்,
ஆனாலும் டிபி மாத்திரை ஆறு மாதம்;
மூத்திரம் செம்பருத்திச் சாறாய்ப் போனது.
வேலந்தாவளத்தில் பீடியை விடு என்றார்கள்.
பீடியை நான் தொட்டதே இல்லை.

சாக்கு கிழிப்பது, என்றேன்.

பதினாறு வருஷம், ஷீட் கம்பெனியில்.
கப்பலில் வந்த சாக்கு.
மேலே எழுதியிருந்தது
தமிழுமல்ல, மலையாளமுமல்ல.
கொக்கிக் கத்தியால் வயிற்றைக் கீறி
தொட்டியில் உதற வேண்டும்.
உள்ளே இருப்பது கல். கல்தான், ஆனால் நார்.
எருக்கம்பஞ்சாய்ப் பறக்கும்,
கரும்புத் தோகையின் சுணை மாதிரி
கழுத்தில் ஏறி அரிக்கும்.
கூரை ஓட்டையில் வெயில் இறங்குகிற
அந்தக் கால்மணி நேரம் மட்டும்
எவ்வளவு பறக்கிறது என்று தெரியும்.
வெயில் நகர்ந்துவிட்டால் காற்று சுத்தம்.

சம்பள நாளில் மருதாசலமும் நானும்
அள்ளி அள்ளி ஒருவர் தலையில் ஒருவர் கொட்டிக்கொள்வோம்.
வாயைத் திறந்துதானே சிரிக்க வேண்டும்.
காலிச் சாக்கை உதறித் துவைத்து
ஜொகரா தலையணை உறை தைத்தாள்.

மருதாசலம் போய் மூன்று வருஷம்.
மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் செருகினாள்.
நெஞ்சின் அடியில் இரண்டு பக்கமும்
தேன் பிழிந்து போட்ட அடை.
எடுத்துவிட முடியுமா என்றேன்.
"கல் கரையாது."
அதை மட்டும் தமிழில் சொன்னாள்.

நஷ்டஈட்டுக்கு, வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டுமாம்.
கான்ட்ராக்ட் ஆள் நான்.
கேட் நோட்டில் பெயர் ஏறியதில்லை,
"சாக்கு, 4 பேர்" என்றுதான் இருக்கும்.
அந்த நோட்டும் இல்லை.
கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம்.
எக்ஸ்ரேயை நீட்டினேன்,
இதிலேதான் சார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று.
கிளார்க் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை,
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

கையில் ஒரு கருவி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.
குழாயை உறிஞ்சினால்
மூன்று பந்தும் மேலே ஏற வேண்டும்.
ஆடிக் காற்றில் அம்மியும் நகருகிற ஊர்.
கணவாய் வழியே மேற்கிலிருந்து இறங்கி
தென்னைகளை வில்லாக வளைக்கிறது,
காற்றாலைகள் ஓயாமல் கரண்டு அரைக்கின்றன.
நான் இழுத்தால்
ஒரே ஒரு பிளாஸ்டிக் பந்து
எழுந்திருக்கலாமா என்று யோசித்து
உட்கார்ந்துவிடுகிறது.

இன்று காலை எதிர்வீட்டில் கூரை வேலை.
புது ஷீட். கட்டிங் மெஷின்.
வெள்ளையாய் எழும்பி ரோட்டைக் கடந்து
ஜொகரா காயப்போட்ட துணிமேல் இறங்கியது.
அறுக்கிறவனுக்கு இருபது வயதிருக்கும்,
புருவமெல்லாம் நரை.
நனைத்துவிட்டு அறுடா என்று கத்தினேன்.
என் பல்லைத் தாண்டவில்லை.

சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடந்தேன்.
பதினோரு எட்டு, நிற்பது.
பதினோரு எட்டு,
கரண்டுக் கம்பத்தைப் பிடிப்பது.
போய்ச் சேர்ந்து, ஷீட்டைக் காட்டி, சொம்பை நீட்டினேன்.
சொல்லுக்கு மூச்சு மிஞ்சவில்லை.

மெஷினை நிறுத்தினான்.
புறங்கையால் உதட்டைத் துடைத்தான்.
அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்துவிட்டு
நல்ல மனசு பாய், என்றான்.